ஆய்வு மென்பொருளுக்கு நிலையான எண்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தஞ்சாவூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் குறுவை எவ்வளவு, சம்பா எவ்வளவு, தாளடி எவ்வளவு என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பிரித்துக் காட்டும் ஒரு நிரலைப் பைத்தான் மொழியில் எழுதி, நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கிறேன். ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை, "கிட்ஹப் முகவரி போதாது; மென்பொருளுக்கு நிலையான அடையாள எண் பெற்று மேற்கோள் பட்டியலில் சேர்க்கவும்" என்ற குறிப்புடன் திரும்பி வந்திருக்கிறது. முகவரி ஒழுங்காகத்தான் திறக்கிறது. பிறகு எதற்கு ஓர் எண்? அதை யார் தருகிறார்கள்? பணம் கட்ட வேண்டுமா?

பதில்: மதிப்பீட்டாளர் கேட்டது நியாயமானது. நம் பகுதி விதைக் கடைகளில் யாரும் "நெல் விதை கொடுங்கள்" என்று மட்டும் கேட்பதில்லை; "ஏடிடி 36", "ஏடிடி 43" என்று ஆடுதுறை எண்ணைச் சொல்லியே கேட்கிறார்கள். 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் ஆடுதுறையில் வெளியான ரகம், எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் அந்த எண்ணால்தான் அறியப்படுகிறது. கடை இடம் மாறலாம், மூடப்படவும் செய்யலாம், எண் மாறுவதில்லை. உங்கள் கிட்ஹப் முகவரி கடையின் முகவரியைப் போன்றது. நிரலின் பெயரை நீங்களே மாற்றினாலோ, கணக்கை மூடினாலோ, தளமே சேவையை நிறுத்தினாலோ அந்த முகவரி பயனற்றுப் போகும். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் நம்பியிருந்த, கிட்ஹப் போன்ற கூகுள் கோட் சேவையை நிறுத்தப்போவதாக 2015 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. 2016 ஜனவரியில் அது மூடப்பட்டது. அந்தத் தளத்தின் முகவரிகளை மேற்கோளாகக் கொடுத்த கட்டுரைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன். வாய்க்கால் கடைமடைக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும்போது எந்த மதகுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கிடும் சிறிய நிரல் ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதி, அப்போது நான் பணியாற்றிய கல்லூரியின் சேவையகத்தில் வைத்து, அதன் முகவரியைக் கட்டுரையின் அடிக்குறிப்பில் அச்சிட்டேன். கல்லூரி சேவையகத்தை மாற்றியபோது பழைய கோப்புகள் அழிக்கப்பட்டன. என் கணினியிலும் நகல் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அந்த நிரலைக் கேட்டு மாணவி ஒருவர் கடிதம் எழுதினார். கட்டுரையை அனுப்ப முடிந்தது. கணக்கைப் போட்ட நிரலை அனுப்ப முடியவில்லை. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்களுக்குத் தேவைப்படும் எண்ணை டிஓஐ என்பார்கள். ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பக்கத்தில் 10 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள், அதே வகைதான். கட்டுரைகளுக்கு அதைப் பெரும்பாலும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாகப் பதிப்பாளர்கள் பதிவு செய்கிறார்கள். தரவுக்கும் மென்பொருளுக்கும் 2009இல் தொடங்கிய டேட்டாசைட் அமைப்பின் வழியாகக் களஞ்சியங்கள் பதிவு செய்கின்றன. இந்த எண் தானாக நிலைத்து நிற்பதில்லை. கோப்பு எங்கே இடம்பெயர்ந்தாலும் புதிய இடத்தை எண்ணுக்கு எதிரே திருத்தி எழுதுவேன் என்று களஞ்சியம் பொறுப்பேற்றுக்கொள்கிறது. எண் நிலைத்து நிற்பது அந்தப் பொறுப்பினால்தான். ஆகவே நாளை காணாமல் போகக்கூடிய இடத்தில் எண் வாங்குவதை விட, நீண்ட காலம் நிற்கும் நிறுவனத்தின் பின்புலம் உள்ள களஞ்சியத்தில் வாங்குவது நல்லது.

அத்தகைய களஞ்சியங்களில் தனி ஆய்வாளருக்கு எளிதானது ஸெனோடோ. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் அதை நடத்திவருகிறது. அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் நூலகராகக் கருதப்படும் ஸெனோடோட்டஸின் பெயரிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. எந்த நாட்டவரும், எந்தத் துறையினரும் கோப்புகளை வைக்கலாம், கட்டணம் இல்லை, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் உண்டு. உங்கள் நிரல் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எண் வராது. முதலில் உங்கள் கிட்ஹப் களஞ்சியம், அதாவது அங்கே உங்கள் நிரல் இருக்கும் இடம், எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உரிமக் கோப்பு ஒன்றைச் சேருங்கள்; எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் ஆகியவற்றுள் உங்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்துகொள்ளலாம். உரிமம் இல்லாத நிரலைப் பார்க்கலாமே தவிர, எடுத்துப் பயன்படுத்தும் உரிமை பிறருக்கு இல்லை. அடுத்து, சைட்டேஷன்.சிஎஃப்எஃப் (CITATION.cff) என்ற பெயரில் ஒரு சிறிய உரைக்கோப்பை முதன்மைக் கோப்புறையில் வையுங்கள். நிரலின் தலைப்பு, ஆசிரியர்கள், பதிப்பு எண், நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். 2021 முதல் கிட்ஹப் இந்தக் கோப்பைப் படித்து, மேற்கோள் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதை வருகிறவர்களுக்குக் காட்டுகிறது. ஸெனோடோவும் விவரங்களை அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பிறகு கிட்ஹப் கணக்கைக் கொண்டே ஸெனோடோவில் நுழைந்து, அங்கே தெரியும் பட்டியலில் உங்கள் களஞ்சியத்துக்கு எதிரே உள்ள பொத்தானைத் தள்ளி இணைப்பை உயிர்ப்பியுங்கள். அதற்குப் பின்னர்தான் கிட்ஹப்பில் ‘வெளியீடு’ ஒன்றை, 1.0.0 என்பதுபோல எண்ணிட்டு, உருவாக்க வேண்டும். ஸெனோடோ அந்த வெளியீட்டின் முழு நகலையும் தன்னிடம் இழுத்துக்கொண்டு டிஓஐயைப் பதிவு செய்துவிடும்.

பலர் வழுக்கும் இடம் இதுதான். பொத்தானைத் தள்ளுவதற்கு முன்பே உருவாக்கிய வெளியீடுகளை ஸெனோடோ எடுத்துக்கொள்ளாது. இரண்டு நாள் காத்திருந்தும் எண் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். புதிதாக ஒரு வெளியீடு போட்டால் சரியாகிவிடும். முதல் முறை கைநடுங்குகிறது என்றால், ஸெனோடோவுக்கு சாண்ட்பாக்ஸ் என்ற ஒத்திகைத் தளம் தனியே இருக்கிறது; அங்கே தனிக் கணக்கு தொடங்கி முழுதும் செய்து பாருங்கள். அங்கே கிடைக்கும் எண் உண்மையானது அல்ல என்பதால் அதைக் கட்டுரையில் எழுதிவிடக் கூடாது.

கிட்ஹப் இணைப்பு வேண்டாம் என்றால் கோப்புகளைச் சுருக்கி நேரடியாகவும் ஏற்றலாம். அந்த வழியில் ஒரு வசதி உண்டு: வெளியிடுவதற்கு முன்பே எண்ணை ஒதுக்கி வாங்கிக்கொண்டு, நிரலின் விளக்கக் கோப்பிலும் கட்டுரையின் கைப்பிரதியிலும் எழுதிவிட்டு, கடைசியில் வெளியிடலாம். பொருளின் வகை என்ன என்று படிவம் கேட்கும் இடத்தில் ‘மென்பொருள்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். ‘கட்டுரை’ என்று விட்டுவிட்டால் பிற்காலத்தில் தேடுகிறவர்களுக்கு உங்கள் நிரல் அகப்படாது.

கேள்வி: ஸெனோடோவில் ஏற்றினேன். ஒரு நிரலுக்கு இரண்டு எண்கள் வந்திருக்கின்றன. எதைக் கட்டுரையில் கொடுப்பது? (வேளாண் பொறியியல் மாணவர், மன்னார்குடி)

பதில்: 2017 முதல் ஸெனோடோ இப்படித்தான் தருகிறது. ஒன்று, நிரலின் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான எண். அதைச் சொடுக்கினால் எப்போதும் கடைசிப் பதிப்புக்குப் போகும். மற்றொன்று, நீங்கள் ஏற்றிய அந்தக் குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டும் உரியது. கட்டுரையில் ஒரு முடிவைச் சொல்லும்போது, அந்த முடிவைத் தந்த பதிப்பின் எண்ணையே கொடுக்க வேண்டும். ஒரு நிரலின் 1.0 பதிப்பு தாளடியில் ஒரு பகுதியைச் சம்பா என்று தவறாகக் கணக்கிட்டதாகவும், 1.2 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தரும் ஏக்கர் கணக்கு வெவ்வேறாக இருக்கும். பொதுவான எண்ணைக் கொடுத்திருந்தால், உங்கள் அட்டவணையைச் சரிபார்க்க வருகிறவர் புதிய பதிப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் கணக்கே பொய் என்று முடிவு கட்டிவிடுவார். நிரலைப் பற்றிப் பொதுவாகப் பேசும் இடங்களிலும், விளக்கக் கோப்பின் தலைப்பிலும், உங்கள் தன்விவரக் குறிப்பிலும் பொதுவான எண் போதும்.

கேள்வி: எண் வாங்கிய மறுநாளே நிரலில் ஒரு பிழையைக் கண்டேன். கோப்பை மட்டும் மாற்றிவிடலாமா? (பெயர் வெளியிட விரும்பாத ஆய்வாளர், நாகப்பட்டினம்)

பதில்: தலைப்பு, விளக்கம், ஆசிரியர் பெயர் போன்ற விவரங்களை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். கோப்பை அப்படி மாற்ற எண்ண வேண்டாம். திருத்திய நிரலைப் புதிய பதிப்பாக ஏற்றி, பழைய பதிப்பின் விளக்கத்தில் பிழை இன்னது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அச்சான கட்டுரைக்குப் பிழைதிருத்தம் வெளியிடுவதில் எந்த அவமானமும் இல்லாததுபோல இதிலும் இல்லை.

கேள்வி: கும்பகோணத்தில் முதுகலை படிக்கிறேன். ஓலைச்சுவடிப் படங்களில் வரிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் நிரலை முழுதும் நானே எழுதினேன். நண்பர்கள் மூவர் நானூறு ஏடுகளில் வரிகளைக் கையால் குறித்துத் தந்தார்கள். எங்கள் பேராசிரியர், கட்டுரையில் உள்ள பெயர் வரிசையையே மென்பொருளுக்கும் போடச் சொல்கிறார். அதில் நான் நான்காவது, நண்பர்கள் இல்லை. மேலும் படிவத்தில் குடும்பப் பெயர், இடுபெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. எனக்குத் தலைப்பெழுத்து மட்டுமே உண்டு. என்ன செய்வது?

பதில்: இரண்டு கேள்விகளும் முக்கியமானவை. முதலாவதைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கட்டுரையின் ஆசிரியர் வரிசையும் மென்பொருளின் ஆசிரியர் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஃபோர்ஸ்லெவன் என்ற ஆய்வுத் தொடர்பாளர் அமைப்பின் குழு 2016இல் மென்பொருள் மேற்கோளுக்கென்று ஆறு கொள்கைகளை வெளியிட்டது. நிரலுக்குப் பங்களித்த அனைவருக்கும் உரிய அங்கீகாரம் மேற்கோளில் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மென்பொருளுக்குத் தனி எண் பெறுவதன் பெரும் பயன்களில் ஒன்றே, கட்டுரையில் கடைசியில் நிற்கும் நிரலாளரின் உழைப்பு தன் பெயரில் நிற்பதுதான். எழுதியவர் நீங்கள் என்றால் முதற்பெயர் உங்களுடையதாக இருப்பதே முறை. சிக்கலை வகுத்துக் கொடுத்து, வழிமுறையை வடிவமைத்ததில் பேராசிரியருக்குப் பங்கு இருந்தால் அவர் பெயரும் ஆசிரியராக வர வேண்டும். அதைப் பணிவோடும் தெளிவோடும் அவரிடமே பேசுங்கள். "ஐயா, கட்டுரையில் உங்கள் வரிசையே இருக்கட்டும்; நிரலில் எழுதியவர் பெயர் முதலில் வரலாமா?" என்று, கிட்ஹப்பில் யார் எந்த நாளில் என்ன எழுதினார் என்ற வரலாற்றையும் உடன் காட்டிக் கேட்டால், பெரும்பாலானவர்கள் மறுக்கமாட்டார்கள். உங்கள் நண்பர்களை விட்டுவிடாதீர்கள். ஸெனோடோ படிவத்தில் ஆசிரியர்களுக்குக் கீழே ‘பங்களித்தவர்கள்’ என்று தனிப் பகுதி உண்டு; அங்கே தரவு சேகரித்தவர் என்ற பொறுப்பைத் தேர்ந்து மூவர் பெயரையும் சேர்க்கலாம். நானூறு ஏடுகளை வரி வரியாகக் குறிப்பது சாதாரண வேலை அன்று.

பெயர்க் கட்டங்கள் தமிழர் எல்லோரையும் தடுமாற வைப்பவை. எடுத்துக்காட்டுக்கு, தங்கராசுவின் மகள் கலைச்செல்வி என்று வைத்துக்கொள்வோம். நம் வழக்கில் அவர் த. கலைச்செல்வி. குடும்பப் பெயர்க் கட்டத்தில் தங்கராசு என்றும், இடுபெயரில் கலைச்செல்வி என்றும் நிரப்பினால், மேற்கோளில் அவர் "தங்கராசு, க." என்று அச்சாகிறார், நிரல் அவருடையது, பெயர் அப்பாவுடையது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் கலைச்செல்வி என்றும் இடுபெயர்க் கட்டத்தில் த. என்றும் இட்டால் "கலைச்செல்வி, த." என்று வரும், ஆளை ஊரார் அறிந்த பெயரிலேயே அறிய முடிகிறது. நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். எதைத் தேர்ந்தாலும் கட்டுரை, ஆய்வேடு, நிரல் மூன்றிலும் ஒரே வடிவம் இருக்க வேண்டும். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், மற்றொன்றில் பின்னால், இன்னொன்றில் விரித்தெழுதியது என்று இருந்தால், தேடுபொறி அவரை மூன்று ஆட்களாகக் கணக்கிடும்.

இந்தக் குழப்பத்திற்கு நல்ல மருந்து ஆர்கிட் எண். 2012 முதல் வழங்கப்படும் இந்த 16 இலக்க எண் மனிதருக்கு உரியது, கட்டணம் இல்லை, சில நிமிடங்களில் பெறலாம். அங்கே குடும்பப் பெயர் கட்டாயம் அன்று, கட்டுரைகளில் வெளிவரும் பெயரைத் தனியே எழுதவும் இடம் உண்டு. இந்த எண்ணை ஸெனோடோ படிவத்திலும் சைட்டேஷன் கோப்பிலும் உங்கள் பெயருக்கு எதிரே சேர்த்துவிட்டால், நாளை திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெயர் எழுதும் முறை மாறினாலும், நிரல் உங்களுடையது என்பது மாறாது.

கேள்வி: திருவாரூரில் கல்லூரி நூலகராக இருக்கிறேன். ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலைச் சரிபார்ப்பது என் பணிகளுள் ஒன்று. மாணவர்கள் பிறர் எழுதிய மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுள் பலவற்றுக்கு டிஓஐ கிடையாது, வெறும் இணைய முகவரிதான். மாணவர் பிறருடைய நிரலுக்கு எண் வாங்க முடியுமா?

பதில்: இந்தக் கேள்வியை ஒரு நூலகர் கேட்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆய்வேடுகள் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் ஏற்றப்படுகின்றன. ஆய்வேடு அங்கே பத்திரமாக இருக்கும், ஆனால் அதில் உள்ள முகவரிகளுக்கு யாரும் காவல் இல்லை.

முதலில், அந்த நிரலின் விளக்கக் கோப்பில் எப்படி மேற்கோள் காட்ட வேண்டும் என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறாரா என்று மாணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி, எண் வாங்கும்படி கேட்பது அடுத்த வழி. ஆசிரியரின் ஒப்புதலின்றி மாணவர் தாமே அதை ஸெனோடோவில் ஏற்றுவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். உரிமம் அதற்கு இடம் கொடுத்தாலும் பின்னர் ஒரே நிரலுக்கு இருவேறு எண்கள் உலவத் தொடங்கும்.

ஆசிரியரிடமிருந்து பதில் வராதபோது கைகொடுப்பது சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்ற காப்பகம். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016இல் தொடங்கிய முயற்சி அது; உலகெங்கும் பொதுவில் உள்ள மூலநிரல்களைத் தொடர்ந்து நகலெடுத்துச் சேர்த்துவைக்கிறது. மாணவர் தேடும் நிரல் ஏற்கெனவே அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால், நிரலின் முகவரியைக் கொடுத்து இப்போதே சேமிக்கும்படி அங்கே எவரும் விண்ணப்பிக்கலாம். ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. அங்கே கிடைக்கும் அடையாளம் டிஓஐ போன்றதன்று. யாரோ ஒருவர் ஒதுக்கிக் கொடுக்கும் எண்ணாக இல்லாமல், நிரலின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு எடுக்கப்படுவது அது. நிரலில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் மாறிவிடும். ஆகவே கையில் உள்ள கோப்பு மாணவர் பயன்படுத்திய அதே கோப்புதானா என்பதை யாரையும் கேட்காமலேயே சரிபார்த்துவிடலாம். 2025இல் இது பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் தரமாகவும் ஏற்கப்பட்டது. நீளமான, கண்ணுக்கு இனிமையற்ற எழுத்துக்கோவைதான். தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.

உயிரியல், மருத்துவ ஆய்வேடுகளில் ஆர்ஆர்ஐடி என்ற எண்ணையும் காண்பீர்கள். அது ஒரு கருவியை முழுமையாகச் சுட்டுவது; எந்தப் பதிப்பு என்பதைச் சுட்டாது. அதைக் கொடுக்கும் மாணவரைப் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நிரலை வெளியிட எங்கள் நிறுவனம் அனுமதிக்கவில்லை. அப்போதும் எண் கிடைக்குமா? (ஆய்வு உதவியாளர், சிதம்பரம்)

பதில்: கிடைக்கும். ஸெனோடோவில் கோப்புகளைப் பூட்டிவைத்து, விவரப் பக்கத்தை மட்டும் பொதுவில் காட்டலாம். விண்ணப்பிக்கிறவர்களுக்கு மட்டும் திறந்துவிடலாம். நிறுவனத்தின் எழுத்துமூலமான ஒப்புதலை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மயிலாடுதுறையில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருவர், ஆற்றில் நீர் திறக்கும் நாளையும் எங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஒப்பிடும் நிரலை எழுதினார். கட்டுரையும் வெளிவந்தது. அவர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார். நிரல் என்னிடம் ஒரு பென் டிரைவில் மட்டும் இருக்கிறது. இத்தனை காலம் கழித்து எண் வாங்குவதில் பொருள் உண்டா?

பதில்: உண்டு, ஐயா. இந்தக் கடிதத்தைப் படித்தபோது நான் தொலைத்த நிரல்தான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கே அந்தப் பென் டிரைவில் உள்ள கோப்புறையை அப்படியே வேறு இரண்டு இடங்களுக்கு நகலெடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அடுத்து மாணவியைத் தொலைபேசியில் அழைத்து ஒப்புதலும், எந்த உரிமத்தில் வெளியிடலாம் என்பதையும் கேளுங்கள். முதல் ஆசிரியராக அவர் பெயரே இருக்கட்டும்.

நிரலை இப்போது திருத்தி அழகுபடுத்த வேண்டாம். கட்டுரைக்குக் கணக்கிட்டபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் முதல் பதிப்பாக ஏற்றி, எந்த மொழியில், எந்தப் பதிப்பில் ஓடியது என்பது நினைவிருந்தால் விளக்கத்தில் எழுதுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, படித்துப் பார்த்து அதே கணக்கை வேறு மொழியில் மீண்டும் எழுத ஒருவரால் முடியும். கிணற்று நீர்மட்டக் குறிப்புகள் தாளில் இருந்தால் அவற்றைப் படமெடுத்துத் தனிப் பதிவாக, ‘தரவு’ என்ற வகையில் ஏற்றுங்கள். நிரலின் பதிவில் அந்தத் தரவின் எண்ணையும், அச்சான கட்டுரையின் எண்ணையும் தொடர்புடைய படைப்புகளாகக் குறிப்பதற்குப் படிவத்திலேயே இடம் இருக்கிறது. கிணற்றுச் சொந்தக்காரர்களின் பெயர்களும் புல எண்களும் அந்தத் தாள்களில் இருக்குமானால், படமெடுக்கும் முன் அவற்றை மறைத்துவிடுங்கள்.